வத்தல்மலைக் குளிரும் தளரும் தோலும்... வாத்தியங்கள் வாங்கும் தழும்புகள்!

தர்மபுரி நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கீழே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில்கூட, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வத்தல்மலை ஏறிவிட்டால் காற்றின் குணமே மாறிவிடும். சில்வர் ஓக் மரங்கள், அவற்றைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, நிழலில் காபிச் செடி. பெரியூர், பால்சிலம்பு என்று சிதறிக்கிடக்கும் ஊர்களில் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்தக் குளிர் சுகம். தோல் வாத்தியம் வாசிக்கிறவருக்கோ அது தலைவலி.

காரணம் எளிது. பதப்படுத்திக் கட்டிய பிறகும் தோல் தோல்தான். காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். மத்தியானம் அடிவாரத்தில் கணீரென்று பேசிய பறை, பனி இறங்கும் ராத்திரியில் மலைமேல் ‘பொத்... பொத்’ என்று முனகும். அதற்கு மருந்து நெருப்பு. காய்ந்த சருகு, வைக்கோல், காகிதம் எது கிடைத்தாலும் மூட்டி, பறையை அதன் முன்னே திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். ஈரம் போய்த் தோல் இறுகும். விரலால் சுண்டினால் பழைய குரல் திரும்பியிருக்கும்.

ஆனால், நெருப்பு சும்மா எதையும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் தோலின் ஆயுளில் கொஞ்சம் போகிறது. ஒரு நொடி அதிகமாகக் காட்டிவிட்டால் சுருங்கி, வெடித்து, வேப்பமரச் சட்டத்திலிருந்து பிய்ந்துகொள்ளும். அந்த ராத்திரி வருமானமும் அதோடு போச்சு. அதனால் அனுபவப்பட்ட பறைக் கலைஞரின் கண் கூட்டத்தின் மேல் இருப்பதைவிட நெருப்பின் மேல்தான் அதிகம் இருக்கும். வாத்தியம் தேய்கிறது என்பது அவருக்குப் புதுச் செய்தி அல்ல. தேய்த்துத்தான் வாசிக்க முடியும் என்று தெரிந்தே கையில் எடுக்கிறார்.

இந்த இடத்தில்தான் பிளாஸ்டிக் நுழைந்தது. ஃபைபர் பறை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மழையில் நனையலாம், நெருப்பு வேண்டாம், ராத்திரி முழுக்க நிறுத்தாமல் அடிக்கலாம், தோல் கிழியுமோ என்ற பயமும் இல்லை. விலை கொடுத்து வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, அரசியல் கூட்டம் என்று ஓடிக்கொண்டே இருக்கும் குழுக்களுக்கு இது பெரிய வசதி. இன்னொரு பக்கம், தகரத்தைத் தட்டுவதுபோல இருக்கிறது, அடிவயிற்றில் இறங்கவில்லை என்கிற கலைஞர்களும் உண்டு. அவர்களைப் பழமைவாதிகள் என்று தள்ளிவிட முடியாது. நெருப்பில் காய்ச்சும் அந்த ஐந்து நிமிடம் கலைஞருக்கு மூச்சுவிடும் நேரமும்கூட. நெருப்பு தேவைப்படாத வாத்தியம் வந்த பிறகு அவருக்கு இடைவேளையும் இல்லாமல் போனது என்பதை வாத்தியம் விற்கிறவர் சொல்ல மாட்டார்.

தகடூர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்

தேய்மானத்தைப் பெருமையாகப் பேசிய தமிழ்ப் பாட்டு ஒன்று உண்டு. அது இந்த மண்ணைச் சேர்ந்தது. இன்றைய தர்மபுரிதான் அன்றைய தகடூர். அதை ஆண்ட அதியமானுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனார் அவ்வையார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயில் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளவென்று அடுக்கிய வேல்கள். அவ்வை பார்த்தார். இவையெல்லாம் அழகாக இருக்கின்றன, ஆனால் எங்கள் அரசனின் வேல்கள் பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடிவிட்டார். புறநானூற்றின் 95-வது பாட்டு. புகழ்வதுபோலக் குத்திய குத்து அது. பளபளப்பு என்றால் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம், பட்டறையில் கிடக்கிறது என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கிடார், வீணை, மிருதங்கம் எதைக் கையில் எடுத்தவருக்கும் இந்தக் கிண்டல் உடனே புரியும்.

அதே தகடூரோடு இன்னொரு கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தகடூரை வென்ற சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்குப் போன புலவர் மோசிகீரனார், களைப்பில் ஒரு கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். அது முரசு கட்டில். அதில் படுத்தால் தலை போகும். அரசன் வாளை எடுக்காமல் விசிறியை எடுத்து வீசினான் என்பது எல்லோரும் பள்ளியில் படித்த பகுதி. அந்தக் கட்டில் ஏன் காலியாக இருந்தது என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்தார்கள்! இன்றைய மொழியில் சொன்னால், வாத்தியம் ‘சர்வீஸுக்கு’ப் போயிருந்தது. கறுத்த மரம், இறுகக் கட்டிய வார், மேலே மயில் பீலி என்று அந்த முரசுக்கு இருந்த மரியாதை பெரிது. அதைக் கழுவித் துடைத்தவர்கள் யாரென்று மட்டும் பாட்டில் இல்லை.

இது சங்க காலத்தோடு முடிந்த விஷயமும் இல்லை. மிருதங்கத்துக்கு வந்தால் அது இன்னும் கூர்மையாகத் தெரியும்.

இரண்டு பக்கமும் அடி

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பது பழமொழி. மிருதங்கத்துக்கு உண்மையில் அதைவிட அதிகம். சுருதி சேர்ப்பதற்கே விளிம்பில் கட்டையை வைத்துக் கல்லால் தட்டுவார்கள். இடப்பக்கத்துத் தொப்பியில் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் ரவையைக் குழைத்து அப்ப வேண்டும், முடிந்ததும் சுரண்டி எடுக்க வேண்டும். வலப்பக்கம் வலந்தலை. அதன் நடுவிலே கறுப்பாக வட்டமாக இருப்பது பெயின்ட் இல்லை. ஒரு வகைக் கல்லைப் பொடித்து, சோற்றோடு சேர்த்துப் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது.

அந்தக் கறுப்பு வட்டத்தின் ரகசியத்தை ஆராய்ந்தவர் சாதாரண ஆள் இல்லை, சர் சி.வி.ராமன். 1920-ல் ‘நேச்சர்’ இதழில் இந்திய மேளங்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1934-ல் இன்னும் விரிவாக ஒன்று. சாதாரண மேளத்தை அடித்தால் எழும் ஒலிகள் ஒன்றுக்கொன்று இசைவில்லாதவை, அதனால்தான் அதில் ஸ்வரம் கேட்காது. மிருதங்கத்திலும் தபேலாவிலும் தோலின் நடுவில் இந்தக் கனத்தை ஏற்றியதால் அந்த ஒலிகள் கம்பி வாத்தியத்தில்போல ஒழுங்கான வரிசைக்கு வந்துவிடுகின்றன. பெயர் தெரியாத யாரோ பல தலைமுறைக்கு முன்பே கண்டுபிடித்த சங்கதி இது என்பதுதான் ராமனை வியக்க வைத்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் கனம் சரியான அளவில் இருக்கும்வரைதான் இந்த ஒழுங்கு. விரல் படப் படக் கறுப்பு வட்டத்தில் நுண்ணிய வெடிப்புகள் ஓடும். அந்த வெடிப்புகள் வேண்டும். அவை இருந்தால்தான் கெட்டிப்பட்ட பசை தோலோடு சேர்ந்து அசைய முடியும். ஆனால் வெடிப்பு முற்றினால் துகள் உதிரும், கனம் குறையும், நாதம் கலையும். ஆக, புத்தம் புது வலந்தலையும் சரியாகப் பேசாது, ரொம்பத் தேய்ந்ததும் பேசாது. நடுவிலே சில காலம் மட்டும் அது உச்சத்தில் இருக்கும். மிருதங்க வித்வான்கள் டிசம்பர் சீஸனுக்கு முன்பு பரபரப்பாக இருப்பது இந்தக் கணக்கினால்தான். நல்ல கச்சேரி நாளில் தோல் பழகியிருக்கவும் வேண்டும், களைத்திருக்கவும் கூடாது.

அந்தத் தோலை யார் மாற்றுகிறார்கள்? பாலக்காடு மணி ஐயரை (1912 - 1981) இசை ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மிருதங்கம் செய்து தந்த தஞ்சாவூர் பர்லாந்துவை எத்தனை பேருக்குத் தெரியும்? பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2020-ல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற ஆங்கிலப் புத்தகத்தை எழுதும்வரை, மிருதங்கம் செய்யும் குடும்பங்கள் பொதுவெளிக்குப் பெரும்பாலும் வந்ததே இல்லை. பலரும் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றையும் தேர்ந்தெடுத்து, வெட்டி, அடுக்கி மூட்டு கட்டுகிறவர்கள். எந்தத் தோல் எந்த வித்வானின் விரலுக்கு ஒத்துப்போகும் என்பது இவர்கள் கைக்குத்தான் தெரியும். மேடையில் வித்வானின் விரல்களால் தேய்வதை, மறுநாள் இவர்களின் விரல்கள் ஈடுகட்டுகின்றன. தோல் அறுந்து வந்த மிருதங்கத்தைப் பார்த்தே வாசித்தவரின் கைப்பழக்கத்தைப் படித்துவிட முடிகிற இந்த அறிவுக்குப் பட்டமும் கிடையாது, சபா மேடையில் பொன்னாடையும் அபூர்வம்.

பழைய மரம், புதிய சீவாளி

நாதஸ்வரத்தில் இந்த விஷயம் தலைகீழ். அங்கே கிழடுக்குத்தான் மதிப்பு. 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அதுவும் புதிதாக வெட்டிய மரம் அல்ல. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரம், தூண் என்று பல பத்தாண்டுகள் காய்ந்து, சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடித்த மரம். பச்சை மரத்தில் கடைந்தால் பிறகு வளையும், வெடிக்கும். ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கூரையைத் தாங்கிய கட்டை, பின்னால் கல்யாண வீட்டில் தோடி பாடுகிறது. கான்கிரீட் வீடுகள் பெருகிய பிறகு இடிப்பதற்கு இப்படிப்பட்ட பழைய வீடுகளும் குறைந்துகொண்டே வருகின்றன, அதனால் மரத்துக்குத் தட்டுப்பாடு.

ஆனால் அதே வாத்தியத்தின் வாய்ப்பகுதியில் இருக்கும் சீவாளியின் ஆயுள் ரொம்பக் குறைவு. நாணல் வகைத் தட்டையில் செய்வது. எச்சில் பட்டுப் பட்டு ஊறும், இளகும், ஒருநாள் சொல்பேச்சு கேட்காமல் போகும். வாத்தியத்தின் மேல் நூலில் கோத்துத் தொங்கும் சீவாளிக் கொத்தை நீங்கள் கவனித்திருக்கலாம். அலங்காரத்துக்கு அல்ல, அவை ஸ்டெப்னி. வாசிப்பின் நடுவே கலைஞர் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார், ஜனங்கள் ஏதோ ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நூறு வயது மரமும் சில நாள் நாணலும் ஒரே மூச்சில் சேர்ந்து வேலை செய்கின்றன.

தேயவே தேயாத நாதஸ்வரம் ஒன்றும் இருக்கிறது. கும்பகோணம் ஆதிகும்பேஸ்வரர் கோயிலில் உள்ள கல் நாதஸ்வரம். செய்த கைகளுக்கு ஆயிரம் கும்பிடு போடலாம். ஆனால் தூக்கி வாசிக்க யாரால் முடியும்? பெரும்பாலும் பார்க்கத்தான் போகிறார்கள்.

வீணைக்குத் தேய்மானம் இரண்டு இடங்களில். 24 பித்தளை மெட்டுகளும் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலுக்கு மெழுகு இளகும், குளிருக்கு இறுகும், மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் ஸ்வரம் பிசகும். அப்போது மெழுகை எடுத்துவிட்டு மறுபடி மேளம் கட்ட வேண்டும். இன்னொன்று, கம்பி உரசி உரசி மெட்டில் விழும் பள்ளம். அதிகம் புழங்கும் ஸ்வரங்களில் பள்ளம் ஆழமாக இருக்கும். வாசித்தவர் எங்கே அதிக நேரம் தங்கினார் என்பதற்கு அது சாட்சி. அதே கம்பி அவரது இடது கை விரல் நுனியிலும் கோடு போட்டிருக்கும். தவில்காரரின் கையும் அப்படித்தான். வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டி, இடது கையில் பூவரசங் கழி பிடித்து, இறுகிக் கிடக்கும் தோலை மணிக்கணக்கில் அடிக்கிறார். வாத்தியத்துக்கு மூட்டு மாற்றலாம், முழங்கைக்கு எங்கே போவது?

வாசிக்காத வயலினும் ஓட்டை விழுந்த கிடாரும்

வெளிநாட்டிலும் இதே வழக்குதான். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் உள்ள அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் ‘மெசையா’ என்று ஒரு வயலின். 1716-ல் ஸ்ட்ராடிவாரி செய்தது. முந்தாநாள் கடையில் வாங்கியதுபோல இருக்கும். ஏனென்றால் அதை யாரும் வாசித்ததில்லை, கிட்டத்தட்ட அப்படித்தான். அவ்வையார் பார்த்திருந்தால் தொண்டைமானுக்குச் சொன்னதையே சொல்லியிருப்பார். 2011-ல் ‘லேடி பிளன்ட்’ என்ற இன்னொரு ஸ்ட்ராடிவாரி சுமார் 159 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதன் விலைக்கும் ஒரு முக்கியக் காரணம் அது அதிகம் வாசிக்கப்படாமல் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. அந்தப் பணம் ஜப்பான் சுனாமி நிவாரணத்துக்குப் போனது என்பதால் இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இத்தாலியின் ஜெனோவா நகரம் வேறு வழியைப் பிடித்தது. மாமேதை பகானினி 1743-ல் செய்யப்பட்ட தன் வயலினை அந்த நகரத்துக்கு எழுதிவைத்துவிட்டு 1840-ல் இறந்தார். அவருடைய தாடை உரசி வார்னிஷ் தேய்ந்த இடம் இன்றும் அப்படியே இருக்கிறது. அதைப் பூசி மறைக்கவில்லை. கண்ணாடிக்குள் பூட்டியும் விட்டுவிடவில்லை, அவ்வப்போது எடுத்து வாசிக்கத் தருகிறார்கள்.

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வில்லி நெல்சனின் கிடார் இன்னும் வேடிக்கை. 1969-ல் வாங்கியது, பெயர் ‘ட்ரிகர்’. விரல்நுனியால் மீட்டுவதற்கான நைலான் கம்பிக் கிடாரை அவர் பிக் வைத்து அடித்ததில், மரப்பலகை தேய்ந்து ஒரு பெரிய ஓட்டையே விழுந்துவிட்டது. வேறு கிடார் வாங்க வசதி இல்லாதவரா அவர்? ஓட்டை மேலும் பெரிதாகாமல் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, அதையே வாசித்துக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் பார்த்த ஃபெண்டர் கம்பெனி 1995 முதல் புது கிடாரையே சுரண்டி, பெயின்ட் உரித்து, துரு ஏற்றி ‘ரெலிக்’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறது. உழைக்காமல் வாங்கும் தழும்பு! கிழித்துத் தைத்த ஜீன்ஸ் போடுகிற காலத்தில் இதற்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, பழசு என்றால் உண்மையிலேயே நாதம் அதிகமா? 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பழைய இத்தாலிய வயலின்கள் மூன்று, புதியவை மூன்று. எது எதுவென்று தெரியாமலிருக்க இருட்டுக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தாடை படும் இடத்தில் வாசனைத் திரவியம்கூடத் தடவினார்கள். முடிவில் அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புது வயலின். குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரி.

பழைய வாத்தியக்காரர்களுக்கு இது ரசிக்காது. ஆனாலும் அவர்கள் பழைய வாத்தியத்தை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு நாதம் மட்டுமே காரணம் இல்லையே. இந்த இடத்தில் லேசாக அழுத்தினால் இப்படிப் பேசும், குளிர்காலத்தில் இப்படி முரண்டு பிடிக்கும் என்று பல வருடம் பழகிய பழக்கம் அது. தாத்தாவின் வாத்தியம் என்றால் சரஸ்வதி பூஜையன்று அதற்குத்தான் முதல் சந்தனம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வயலினைப் பாதுகாக்க அறக்கட்டளை இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞருக்குப் பெட்டிகூட இருக்காது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நாட்டுப்புறக் கலைஞர்கள் இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்க நிதியுதவி தருகிறது. நல்ல உதவி. ஆனால் வாங்குவது ஒருமுறைச் செலவு, தோல் மாற்றுவது சீஸனுக்குச் சீஸன் வரும் செலவு. கிழிந்த அன்று கையில் காசு இருந்தால்தான் அடுத்த ஊர்த் திருவிழாவில் வாசிக்க முடியும். 2025-ல் மதுரையைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது, அந்த வாத்தியத்துக்குக் கிடைத்த மரியாதையைத் தமிழ்நாடே கொண்டாடியது. தோலைக் கையால் பதப்படுத்தி, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, சட்டத்தில் இழுத்து ஒட்டுகிறவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்துகொண்டே வந்தால், அடுத்த தலைமுறைக்கு ஃபைபரா தோலா என்ற கேள்வியே எழாது. ஃபைபர் மட்டும்தான் இருக்கும்.

வத்தல்மலையில் சாலை வராத காலத்தில் அடிவாரத்திலிருந்து மேளம் வர வேண்டுமென்றால் அது தோளில்தான் ஏறியிருக்கும். இப்போது வண்டியில் ஏறுகிறது. பனி மட்டும் அப்படியே இருக்கிறது. திருவிழா ராத்திரியில், மணி இரண்டைத் தாண்டிய பிறகு, ஆட்டம் ஓரிடத்தில் நின்றால் பறைக்காரர் ஓரமாகப் போவார். சருகைக் குவித்துத் தீக்குச்சி கிழிப்பார். பறையைச் சாய்த்துப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, விரலால் சுண்டிப் பார்ப்பார். போதவில்லை. இன்னொரு சுற்று, தீயிலிருந்து கொஞ்சம் தள்ளி.